தனியாகவா, நாலு பேரோடா, இருபத்தேழு பேரோடா? ஓர் ஐரோப்பிய சுகாதார அமைச்சரின் கணக்கு

2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது ஐரோப்பாவின் இரண்டு சுகாதார அமைச்சர்கள் நேரெதிர் முடிவுகளை எடுத்தார்கள். பிரான்ஸின் ரோஸ்லின் பாஷ்லோ 9.4 கோடி டோஸ் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தார். அன்றைய பிரான்ஸின் மக்கள்தொகை ஆறரைக் கோடிக்குள்தான். ஆளுக்கு இரண்டு ஊசி தேவைப்படும் என்பது அவர் கணக்கு. பிறகு ஒரு ஊசியே போதும் என்று ஆனது. நோயும் பயந்த அளவுக்கு இல்லை. கடைசியில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். 2010 ஜனவரியில் 5 கோடி டோஸை ரத்து செய்துவிட்டு, ஏன் இவ்வளவு வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு மாதக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போலந்தின் எவா கோபாச் ஒரு டோஸ்கூட வாங்கவில்லை. பக்கவிளைவு வந்தால் நஷ்ட ஈடு கொடுப்பது அரசின் பொறுப்பு, எங்களுடையது அல்ல என்று கம்பெனிகள் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டன. இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். நோய் லேசாகப் போனதால் அவர் பக்கம் ஜெயித்தது. 2014-ல் பிரதமரும் ஆனார். பாஷ்லோ மருந்தியல் படித்தவர், கோபாச் மருத்துவர். இருவருக்கும் விஷயம் தெரியும். கிருமி இன்னும் கொஞ்சம் கொடியதாக இருந்திருந்தால் இருவர் கதையும் தலைகீழாகியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஆண்டு ஒவ்வொரு நாடும் தனித்தனியாக உட்கார்ந்து அதே நாலைந்து கம்பெனிகளோடு பேசியது. யாருக்கு என்ன விலை, என்ன நிபந்தனை என்பது கம்பெனிகளுக்குத் தெரியும். பக்கத்து நாட்டு அமைச்சருக்குத் தெரியாது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டுக் கொள்முதல். 2013-ல் சட்டம் வந்தது, 2014-ல் நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

சரி, ஐம்பது லட்சமோ ஒரு கோடியோ மக்கள் உள்ள ஓர் ஐரோப்பிய நாட்டின் சுகாதார அமைச்சர் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த தொற்றுக்கும், வருடா வருடம் விலை ஏறும் அரிய நோய் மருந்துகளுக்கும் எப்படி வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன: தனியாகப் போவது, நாலைந்து நாடுகளோடு கூட்டுச் சேர்வது, ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளோடும் சேர்ந்து அதன் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் வழியாகப் போவது.

மூன்றையும் பார்க்கும் முன் இந்த நாற்காலியின் சங்கடம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். வணிகத்திலும் விவசாயத்திலும் ஒன்றியத்துக்கு இருக்கும் பிடி சுகாதாரத்தில் இல்லை. ஒன்றிய ஒப்பந்தத்தின் 168-வது பிரிவு, சுகாதாரக் கொள்கை வகுப்பதும் சிகிச்சை தருவதும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் உறுப்பு நாடுகளின் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்டாக்ஹோமில் நோய்த்தடுப்பு மையம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் மருந்துகளை ஆராய்ந்து அனுமதிக்குப் பரிந்துரைக்கும் முகமை இருக்கிறது. 2021-ல் அவசரகால ஏற்பாடுகளுக்காக ஹேரா என்று ஒரு துறையும் தொடங்கினார்கள். ஆனால் ஒரு மருத்துவமனைப் படுக்கைகூட பிரஸ்ஸல்ஸுக்குச் சொந்தமில்லை. பணம்? 2021-27 காலத்துக்கான சுகாதாரத் திட்டத்துக்கு 530 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 2024-ல் பட்ஜெட் நெருக்கடி வந்ததும் அதிலிருந்து 100 கோடியை வெட்டிவிட்டார்கள்.

இந்த அதிகாரப் பிரிவினையை 2021 ஜூலையில் நம்மவர்களும் அனுபவித்தார்கள். எல்லை தாண்டிப் பயணம் செய்வதற்கான ஐரோப்பிய கோவிட் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தபோது, புனேயில் தயாரான கோவிஷீல்டு ஐரோப்பிய முகமையின் பட்டியலில் இல்லை. அஸ்ட்ராஜெனெகா ஊசிதான், ஆனால் அந்தப் பெயருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் அனுமதி இல்லை. பட்டியலில் இல்லாத ஊசியை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஜெர்மனி, ஸ்பெயின், ஆஸ்திரியா போன்றவை ஏற்றன; மற்றவை காத்திருந்தன. சான்றிதழ் ஒன்றுதான், கதவு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

அரசியல்வாதிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் சுலபமானது. மருந்து வரவில்லை என்றால் மக்கள் பிரஸ்ஸல்ஸைத் திட்டமாட்டார்கள், உள்ளூர் அமைச்சரைத்தான் திட்டுவார்கள். ஆகவே விலை எவ்வளவு குறையும் என்பதோடு, தப்பாகப் போனால் வெளியே வர வழி இருக்கிறதா என்றும் அவர் பார்த்தாக வேண்டும். ஒப்பீடு செய்யும் நிபுணர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் குறை.

தனியாகப் போவதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உடனே காட்டும் உதாரணம் பிரிட்டன். 2020 டிசம்பர் 8 அன்று அங்கே பைசர் ஊசி போடத் தொடங்கினார்கள். ஒன்றியத்தில் டிசம்பர் 27 ஆனது. பிரெக்ஸிட்டால்தான் இது முடிந்தது என்று அன்றைய சுகாதார அமைச்சர் மேட் ஹேன்காக் பெருமைப்பட்டார். அது சரியில்லை. ஒன்றியத்தை விட்டு விலகியிருந்தாலும், அந்த ஆண்டு முடியும்வரை ஐரோப்பியச் சட்டங்கள் பொருந்தும் மாறுகாலத்தில்தான் பிரிட்டன் அப்போது இருந்தது. அவசர அனுமதியைத் தனி நாடாகக் கொடுக்க ஐரோப்பியச் சட்டமே இடம் தந்திருந்தது. பிரிட்டிஷ் மருந்து முகமையின் தலைவர் ஜூன் ரெய்னே அப்படித்தான் விளக்கினார். அதாவது ஜெர்மனியோ பிரான்ஸோ நினைத்திருந்தால் அவர்களும் அதையே செய்திருக்கலாம். செய்யவில்லை, ஏனென்றால் சேர்ந்து போவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். பிரிட்டனின் வேகம் உண்மைதான். ஆனால் ஆக்ஸ்போர்டும், உள்நாட்டிலேயே தயாரிப்பும், ஆறரைக் கோடிக்கு மேல் மக்களும் அதற்கு இருந்தார்கள். ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு இதில் எதுவும் கிடையாது.

சிறிய நாடு தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்லோவாகியா நல்ல உதாரணம். 2021 மார்ச் 1 அன்று கோஷிட்சே விமான நிலையத்தில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் வி ஊசி 2 லட்சம் டோஸ் வந்து இறங்கியது. பிரதமர் இகோர் மாதோவிச் தானே போய் வரவேற்றார். மொத்தம் 20 லட்சம் டோஸ் வாங்க ஏற்பாடு செய்திருந்தார், கூட்டணிக் கட்சிகளிடம் சொல்லாமல். ஊசிக்கு ஐரோப்பிய முகமையின் அனுமதி இல்லை. சில நாட்களில் சுகாதார அமைச்சர் பதவி விலகினார், மாதக் கடைசியில் பிரதமரே விலகினார். ஏப்ரலில் ஸ்லோவாகிய மருந்து முகமை, வந்திருக்கும் ஊசி மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் சொல்லப்பட்ட ஊசியோடு ஒத்துப்போகவில்லை என்றது. கடைசியில் இருபதாயிரம் பேருக்கும் குறைவாகவே அதைப் போட்டுக்கொண்டார்கள், மிச்சத்தில் பெரும்பகுதியை ரஷ்யாவுக்கே திருப்பி விற்றார்கள். ஒரு விமானம் நிறைய ஊசிக்கு ஓர் ஆட்சியே விலை.

ஹங்கேரியின் கதை இவ்வளவு எளிதில்லை. அது 2021 ஜனவரியிலேயே ஸ்புட்னிக்குக்கும் சீனாவின் சினோபார்முக்கும் அனுமதி கொடுத்தது. அந்த வசந்த காலத்தில் ஊசி போட்டவர்களின் விகிதத்தில் ஒன்றியத்தின் சராசரியைத் தாண்டி முன்னால் இருந்தது. பிரதமர் ஓர்பான் அதை மேடையெல்லாம் சொன்னார். ஆனால் அரசே வெளியிட்ட ஒப்பந்தப்படி சினோபார்ம் ஒரு டோஸ் சுமார் 30 யூரோ. அதே சமயம் ஒன்றியம் பைசருக்குக் கொடுப்பதாக வெளியே கசிந்த விலை 12 யூரோ. அந்த மாதங்களில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகமாக மரணம் நடந்த நாடுகளில் ஹங்கேரியும் ஒன்று. வேகமாக ஊசி வாங்கிய பெயர் கிடைத்தது. உயிர் காப்பாற்றிய பெயர் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. இருந்தாலும், தனி வழி என்றாலே தோல்வி என்று சொல்ல ஹங்கேரி இடம் தரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 12 யூரோ கணக்கு எப்படிக் கசிந்தது? விலைகள் ரகசியம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 2020 டிசம்பரில் பெல்ஜியத்தின் பட்ஜெட் துறை இணை அமைச்சர் ஏவா டி பிளேக்கர், ஊசிக்குப் பணமே ஒதுக்கவில்லை என்று எதிர்க்கட்சி குற்றம் சாட்டியதும் பொறுக்காமல் முழுப் பட்டியலையும் ட்விட்டரில் போட்டுவிட்டார். அஸ்ட்ராஜெனெகா 1.78 யூரோ, பைசர் 12 யூரோ, மாடர்னா 18 டாலர். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார். அதற்குள் ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சொந்த நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சர், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதையே சொல்லக் கூடாது என்றால் எப்படி?

இரண்டாவது வழி, நாலைந்து நாடுகளின் கூட்டு. இதற்கு நல்ல மாதிரி பெனெலுக்ஸா. 2015-ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் தொடங்கின. அதே ஆண்டு லக்சம்பர்க், 2016-ல் ஆஸ்திரியா, 2018-ல் அயர்லாந்து சேர்ந்தன. இவர்கள் குறி வைத்தது தடுப்பூசியை அல்ல, ஆளுக்கு லட்சக்கணக்கான யூரோ ஆகும் அரிய நோய் மருந்துகளை. முதுகுத்தண்டு நரம்புத் தசைச் சிதைவு நோய்க்கான ஸ்பின்ராசாவை 2018-ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து பேரம் பேசி வாங்கின. அதே நோய்க்கான மரபணு மருந்து சோல்ஜென்ஸ்மாவுக்கு 2021-ல் அயர்லாந்தும் சேர்ந்துகொண்டது. ஒரு முறை போட வேண்டிய அந்த மருந்தின் விலை கிட்டத்தட்ட 19 லட்சம் யூரோ. 2019-ல் பெல்ஜியத்தில் ஒரு கைக்குழந்தைக்காக லட்சக்கணக்கானவர்கள் எஸ்எம்எஸ் அனுப்பியே அந்தப் பணத்தைச் சேர்த்துவிட்டார்கள். மக்கள் மனசு பெரிது. ஆனால் ஒரு பணக்கார நாட்டின் சுகாதார அமைச்சருக்கு அதைவிடச் சங்கடமான செய்தி இருக்க முடியாது. அடுத்த குழந்தைக்கு என்ன செய்வீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு நாடு மட்டும் போய்க் கேட்டால் கம்பெனி அசையாது.

சின்னக் கூட்டு எப்போதும் பலிப்பதில்லை. நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான ஓர்கம்பி மருந்துக்கு 2017-ல் பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து பேசி, விலை படியாமல் எழுந்து வந்தன. சில மாதங்களில் நெதர்லாந்து தனியாகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டது. கூட்டாளி தனியாகப் போய் முடித்துக்கொண்டால் மற்றவர் கதி என்ன என்பது இந்த வழியின் நிரந்தரக் கவலை. ஆனால் பாருங்கள், ஓர்கம்பியில் இருவராலும் வேண்டாம் என்று எழுந்து வர முடிந்தது. யாரும் வழக்குப் போடவில்லை. இதுதான் சின்னக் கூட்டின் நல்ல குணம்: உள்ளே வருவதும் வெளியே போவதும் லேசு.

பெரிய நாடுகள் நாலு சேர்ந்தால் அதே வழி வேறு மாதிரி ஆகிவிடும். 2020 ஜூனில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து நான்கும் சேர்ந்து அஸ்ட்ராஜெனெகாவோடு 40 கோடி டோஸ் வரை பேசி முடித்துவிட்டன. மற்ற நாடுகள் கொதித்தன. எங்களுக்கு மிச்சம்தானா என்ற கேள்விக்கு அந்த நாலு பேரிடமும் நல்ல பதில் இல்லை. சில நாட்களில், ஜூன் 17 அன்று, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே எல்லோருக்கும் வாங்கும் என்று அறிவிப்பு வந்தது. நம் ஐம்பது லட்சம் பேர் நாட்டு அமைச்சர் இதை மறக்கக் கூடாது. சின்னக் கூட்டு நல்லதுதான், அது நம் கூட்டாக இருக்கும் வரை.

மூன்றாவது வழிக்கு வருவோம். இதன் தொடக்கமே சரியில்லை. 2020 மார்ச் 3-ல் பிரான்ஸ் முகக்கவசங்களை அரசுடைமை ஆக்கியது, மறுநாள் ஜெர்மனி பாதுகாப்பு உபகரணங்களின் ஏற்றுமதியைத் தடுத்தது. இத்தாலி உதவி கேட்டு நின்றது. கை கொடுக்க ஆள் இல்லை. ஒன்றியம் கையுறைக்கும் பாதுகாப்பு உடைக்கும் விட்ட முதல் கூட்டு டெண்டருக்குத் தகுந்த ஆளே வரவில்லை, மறுபடி விட வேண்டியிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் தடுப்பூசி.

தடுப்பூசியில் நடந்ததைச் சிறிய நாட்டின் கண்ணால் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். மக்கள்தொகைப்படி பங்கு. அஞ்சு லட்சம் பேர் உள்ள மால்டாவுக்கும் எட்டு கோடிக்கு மேல் உள்ள ஜெர்மனிக்கும் ஒரே விலை, ஒரே நாள். மால்டா தன் பங்கில் ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டது. 2021 மே 24 அன்று வயது வந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஒரு டோஸாவது போட்டாயிற்று என்று அதன் சுகாதார அமைச்சர் கிறிஸ் பேர்ன் அறிவித்தார். மால்டா தனியாக பைசரிடம் போயிருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டார்கள்.

மறுபக்கம், அஸ்ட்ராஜெனெகா. 2021 மார்ச் முடிவுக்குள் அந்தக் கம்பெனி கொடுத்தது சுமார் 3 கோடி டோஸ், ஆணையம் எதிர்பார்த்ததில் கால்வாசி. எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கியதால் எல்லோருக்கும் ஒன்றாகக் குறைந்தது. அதிலும் அஸ்ட்ராஜெனெகா விலை குறைவு, சாதாரணக் குளிர்பதனப் பெட்டி போதும் என்று அதையே அதிகம் நம்பி, பைசரில் தங்கள் பங்கை முழுதாக எடுக்காத பல்கேரியா போன்ற நாடுகள் பின்தங்கின. ஆஸ்திரியாவின் சான்சலர் செபாஸ்டியன் குர்ஸ் மார்ச் மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பங்கீடு நியாயமில்லை, திரைமறைவில் சந்தைப் பேரம் நடக்கிறது என்றார். பங்கீட்டை முடிவு செய்த குழுவின் துணைத் தலைவர் ஓர் ஆஸ்திரிய அதிகாரி என்பது பிறகு தெரிந்தது. ஏப்ரலில் பைசர் முன்கூட்டியே தந்த ஒரு கோடி டோஸில் கொஞ்சத்தை ஒதுக்கிப் பின்தங்கிய அஞ்சு நாடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்திரியா அந்த விட்டுக்கொடுத்தலில் சேரவில்லை. தவறு நடந்தால் பிரஸ்ஸல்ஸ் மேல் பழி போடலாம் என்ற வசதி கூட்டுக் கொள்முதலில் உண்டு. குர்ஸ் அதைப் பயன்படுத்திப் பார்த்தார், எடுபடவில்லை.

உண்மையான சிக்கல் பின்னால் வந்தது. 2021 மே மாதம் ஆணையம் பைசரோடு மூன்றாவது ஒப்பந்தம் போட்டது: 90 கோடி டோஸ் உறுதி, இன்னொரு 90 கோடி, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளும் விருப்ப டோஸ். ஒன்றியத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 45 கோடி. இந்த ஒப்பந்தம் உருவான நாட்களில் ஆணையத் தலைவர் உர்சுலா பான் டெர் லையனும் பைசர் தலைவரும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகளைக் கேட்ட நியூயார்க் டைம்ஸுக்கு ஆணையம் தர மறுத்தது. அந்த மறுப்பை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2025 மே 14 அன்று ரத்து செய்தது.

2022 ஏப்ரலில் போலந்து, இனி ஊசி வேண்டாம், பணமும் தர மாட்டோம் என்றது. உக்ரைன் போர், லட்சக்கணக்கான அகதிகள், நிலைமை மாறிவிட்டது என்று சுகாதார அமைச்சர் ஆடம் நீட்ஜெல்ஸ்கி காரணம் சொன்னார். 2023-ல் டோஸ்களைக் குறைத்து, ரத்தாகும் டோஸுக்குக் கட்டணம் வைத்துத் திருத்திய ஒப்பந்தத்திலும் போலந்து சேரவில்லை. அந்த ஆண்டே பைசர் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது: 6 கோடி டோஸ், போலந்து நாணயத்தில் சுமார் 600 கோடி ஸ்லாட்டி.

2009-ல் எவா கோபாச் சொன்னதும் வேண்டாம், 2022-ல் நீட்ஜெல்ஸ்கி சொன்னதும் வேண்டாம். முதலாவது அரசியலில் ஏணி ஆனது, இரண்டாவது நீதிமன்றத்தில் முடிந்தது. கோபாச் கையெழுத்துப் போடும் முன் சொன்னார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தடுப்பூசியைச் சேர்ந்து வாங்க 2020-ல் ஆணையமும் உறுப்பு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நாடுகள் வெளியேற ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனியோடு கையெழுத்துப் போடப் போகிறோம் என்று ஆணையம் தெரிவித்ததும், வேண்டாம் என்கிற நாடு 5 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் உள்ளே. அந்த மே மாத ஒப்பந்தத்தில் ஹங்கேரி அந்தக் கதவைப் பயன்படுத்தி வெளியே நின்றது. போலந்து நிற்கவில்லை. அதே கம்பெனிகளோடு தனியாகப் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்ததால், தொற்றின் நடுவில் அந்தக் கதவைத் திறக்க எந்த அமைச்சருக்கும் தைரியம் வருவது கஷ்டம்தான்.

இப்போது நாற்காலிக்குத் திரும்புவோம். என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று முடிவு செய்வதுதான் முதல் தப்பு. கிருமி எல்லையைப் பார்க்காது, மருந்தும் உலகத்திலேயே இரண்டு மூன்று கம்பெனிகளிடம்தான் இருக்கிறது என்றால் இருபத்தேழோடு போக வேண்டும். சிறிய நாட்டுக்கு வேறு புத்திசாலித்தனமான வழி இல்லை. ஸ்லோவாகியா மாதிரி தனியாக ஓடிப்போய் வாங்குவது வீரமாகத் தெரியும், அவ்வளவுதான். அரிய நோய் மருந்துக்கு, நோயாளிகள் எண்ணிக்கையும் சம்பள அளவும் நம்மோடு ஒத்துப்போகிற மூன்று நான்கு நாடுகளோடு. ஜெர்மனியை அதில் சேர்க்க வேண்டாம். புது மருந்து எவ்வளவு பலன் தருகிறது என்ற ஆய்வை 2025 ஜனவரி முதல் புற்றுநோய் மருந்துகளுக்கும் மரபணு, செல் சிகிச்சைகளுக்கும் ஒன்றியமே சேர்ந்து செய்கிறது. 2028-ல் அரிய நோய் மருந்துகள், 2030-ல் எல்லாம் அதில் வரும். ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டு, விலையை மட்டும் சின்னக் கூட்டில் பேசலாம். மாத்திரை, சாதாரண ஊசி, சலைன் எல்லாம் தனியாக வாங்குவதே போதும். வழக்கமான டெண்டர் நடத்தத் தெரியாத சுகாதாரத் துறைக்குக் கூட்டணி எதுவும் உதவாது.

இருபத்தேழோடு போகும்போது மட்டும் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு ஏற்பாடுகள் செய்துகொள்வேன். ஒன்று, எதிர்காலத்துக்கான விருப்ப டோஸில் நம் பங்கு எவ்வளவு, வாங்கிய பிறகு வேண்டாம் என்றால் டோஸுக்கு எவ்வளவு கட்டணம் என்று எண்ணாகவே எழுதி வாங்குவது. இரண்டு, அந்த 5 வேலை நாட்களுக்குள் கூடி விலையையும் நஷ்ட ஈட்டு நிபந்தனையையும் பார்க்க நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் உள்ள ஒரு சின்னக் குழுவை இப்போதே அமைத்து, ரகசியம் காக்க உறுதிமொழி வாங்கிவைப்பது. நாளைக்குப் பணத்தை எங்கே கொட்டினீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்டால், உங்கள் ஆளும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார் என்று அமைச்சர் பதில் சொல்லலாம். ட்விட்டரில் போய் விலைப்பட்டியலைப் போட வேண்டிய நிலை வராது.